பேதியும் சாதியும்: ஒரு குடம் தண்ணீரின் கதை

"பேதியில போறவனே!" கோபம் தலைக்கேறினால் நம் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றிச் சொன்ன சாபம் இது. இன்று கேட்டால் இளைஞர்களுக்குச் சிரிப்பு வரும். வயிற்றுப்போக்கெல்லாம் ஒரு சாபமா என்று தோன்றும். ஆனால் சாபங்கள் சும்மா பிறப்பதில்லை. காலையில் நடவுக்குப் போனவர் பொழுது சாய்வதற்குள் பாடையில் ஏறியதைப் பார்த்த தலைமுறையின் சொல் அது. அழுவதற்கு ஆள் மிஞ்சாத வீடுகளைப் பார்த்தவர்களின் சொல்.

தீண்டாமை என்றால் நாம் கோயில் நுழைவைப் பேசுகிறோம். இரட்டைக் குவளையை, ஆணவக் கொலையை, பஞ்சமி நிலத்தை, இடஒதுக்கீட்டைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் குடலைப் பேசுவதில்லை. சாதி மனிதர்களின் குடலுக்குள்ளும் போய்க் கொன்றிருக்கிறது என்ற வரலாறு நம் வாசிப்பு வட்டங்களில் அதிகம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்காக.

முதலில் கொஞ்சம் அறிவியல். கலைப்பிரிவு மாணவர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

காலராவை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்ற, காற்புள்ளி போல வளைந்த ஒரு பாக்டீரியா. அது குடலை அரித்துத் தின்பதில்லை. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு பட்டதும் குடல் செல்கள், திறந்து விட்டு மூட மறந்த குழாய் மாதிரி ஆகிவிடுகின்றன. உடம்பிலுள்ள உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருக்கும். கடுமையாகத் தாக்கினால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூடப் போகும். கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி விழுந்து, சில மணி நேரத்தில் ஆள் முடிந்துவிடுவார். மருத்துவம் கிடைக்காவிட்டால், கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறக்கலாம். உப்பும் நீரும் உரிய நேரத்தில் உள்ளே போனால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வரிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைபாய்டும் பாக்டீரியாதான், சீதபேதியில் பெரும்பகுதியும் பாக்டீரியாதான். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் வைரஸ்கள். கைக்குழந்தைகளை வயிற்றுப்போக்கில் வாட்டும் ரோட்டா ஒரு வைரஸ். போலியோகூட அடிப்படையில் ஒரு குடல் வைரஸ்தான். காலை முடக்குவதால் அதை நரம்பு நோய் என்று நினைக்கிறோம், ஆனால் அது வாய்வழியாக நுழைந்து குடலில்தான் பெருகுகிறது. இவை எல்லாவற்றுக்கும் முதன்மையான பாதை ஒன்றுதான்: ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவருடைய வாய்க்கு. மலத்தை எங்கே போடுவது, தண்ணீரை எங்கே எடுப்பது, இரண்டுக்கும் நடுவில் யாரை நிறுத்துவது? இந்த மூன்று கேள்விக்கும் இந்த நாட்டில் பதில் சொன்னது மருத்துவம் அல்ல, சாதி.

பாடப்புத்தகங்களில் காலராவின் வரலாறு 1817இல், வங்காளத்தின் ஜெசோர் பகுதியில் எழுந்த பெருந்தொற்றிலிருந்து தொடங்கும். அங்கிருந்து வணிகக் கப்பலோடும் படையோடும் சேர்ந்து உலகம் சுற்றியது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ, ஒரு தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே ஆண்டு இத்தாலியில் பிலிப்போ பச்சீனி அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார், ஆனால் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1883 டிசம்பரில், ஜெர்மனியின் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்தார். குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் ஒரே குளத்தைப் பயன்படுத்திய மக்களிடையே காலரா பரவியிருந்தது. அந்தக் குளத்து நீரிலேயே கிருமியைக் கண்டுபிடித்தார்.

ஆங்கிலேய அரசுக்கு இதில் இருந்த முதல் அக்கறை அதன் சிப்பாய்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இராணுவ முகாம்களின் தண்ணீரும் வடிகாலும் ஆணையம் வைத்து ஆராயப்பட்டன. அடுத்த அக்கறை வெள்ளையரும் வசதி படைத்தோரும் வாழ்ந்த நகரம். சென்னைக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் 1872இல் வந்தது, கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் 1914இல் வந்தது. சேரிக்குக் குழாய் எப்போது வந்தது என்பதை உங்கள் ஊரில் நீங்களே விசாரித்துப் பாருங்கள், ஆண்டு சொல்ல ஆள் இருப்பார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் பசியோடு காலராவும் கைகோத்து லட்சக்கணக்கில் மக்களைக் கொண்டுபோனது. அதில் முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாக் கூலிகள். அந்தக் கூலிகள் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் செய்யாததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது தேசியவாத வரலாற்றாசிரியர்களின் வழக்கம். நாம் நிறுத்த முடியாது. ஊர்க் கிணற்றைப் பூட்டியவன் வெள்ளைக்காரன் அல்ல.

மகாடுக்குப் போவோம். பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இல் நிறைவேறியது. பொதுக் குளம், கிணறு, தர்மசத்திரம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்றது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. காகிதத்தில் போட்டது. குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அங்கே மாநாடு கூடியபோது, வந்திருந்த மக்கள் குடிப்பதற்காகச் சாதி இந்துக்களிடமிருந்து நாற்பது ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். 1927இன் நாற்பது ரூபாய்! பக்கத்திலேயே குளம் நிரம்பிக் கிடக்கிறது. மாடு குடிக்கிறது, நாய் குடிக்கிறது, பிற மதத்தார் குடிக்கிறார்கள்.

மார்ச் 20 அன்று ஊர்வலமாகச் சென்று அண்ணல் அந்த நீரை அள்ளிக் குடித்தார், மக்கள் குடித்தார்கள். பிறகு நடந்த தாக்குதல் நமக்குத் தெரியும். கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தியைக் கிளப்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்மீது தடியோடு பாய்ந்தார்கள். அதற்குப் பின்னால் நடந்த ஒன்றைத்தான் நாம் இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று முடிவு செய்த சாதி இந்துக்கள் அதைச் சுத்தம் செய்தார்கள். எப்படி? நூற்றெட்டுப் பானைகளில் மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் ஆகியவற்றைச் சேர்த்து, புரோகிதர்கள் மந்திரம் ஓத, குளத்துக்குள் கலந்தார்கள்.

கோக் கல்கத்தாவுக்கு வந்து போய் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குடிநீரில் சாணம் கலப்பது நோயைக் கொண்டுவரும் என்பது பள்ளிப் பாடமாகிவிட்ட காலம். மனிதர் கை பட்ட நீர் அசுத்தம், மாட்டின் மலம் கலந்த நீர் சுத்தம்! தோழர்களே, 'தூய்மை' என்ற சொல்லை யாராவது உங்களிடம் சொன்னால், எந்தத் தூய்மை என்று கேளுங்கள். கிருமி இல்லாத தூய்மை ஒன்று. சேரிக்காரர் இல்லாத தூய்மை வேறொன்று. இரண்டும் ஒன்று என்று நம்ப வைத்ததுதான் பார்ப்பனியத்தின் பெரிய வெற்றி. 'அந்தக் காலத்தில் மடி ஆசாரம் எல்லாம் சுகாதாரத்துக்காகத்தான்' என்று இன்றைக்கும் படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நூற்றெட்டுப் பானையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் முறை மகாடில் கூடியபோது அண்ணல் சொன்னதன் சாரம் இது: இந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் நாம் செத்துவிடப் போவதில்லை, நாமும் மனிதர்கள் என்பதை நிலைநாட்டவே போகிறோம். சமத்துவம்தான் அவர் கேட்டது, தாகம் தீர்ப்பதை அல்ல. வழக்கு நடந்தது. குளம் பொதுக் குளமே என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 மார்ச் வரை ஆனது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு வழக்கு.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று அரசாணையாகவே வந்தது. மகாடுக்கு மூன்று ஆண்டு முன்பு என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் ஊரில் நடைமுறைக்கு வந்தது வேறொரு தீர்வு. அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்தது. உடனடித் தாகத்துக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்தத் தனிக் கிணறு ஊர்க் கிணற்றின் பூட்டைக் கழற்றவில்லை, அந்தப் பூட்டுக்கு அரசு முத்திரை குத்தியது.

1932இல் காந்தியின் ஆதரவோடு தீண்டாமை ஒழிப்புக்கான சங்கம் தொடங்கப்பட்டபோது, அண்ணல் கப்பலில் இருந்தபடியே அதன் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதர்களை ஒழுக்கம் உள்ளவர்களாக்கும் வேலை வேண்டாம், கிராமக் கிணற்றில் நீர் எடுக்கவும் கிராமப் பள்ளியில் சேரவும் நாடு முழுவதும் உரிமைப் போர் நடத்துங்கள், மோதல் வந்தால் வரட்டும் என்பது அதன் சாரம். சங்கம் அந்த வழியில் போகவில்லை. தனிக் கிணறு, தனிப் பள்ளி, தனி விடுதி என்று போனது. பின்னாளில் அண்ணல் இதைக் கடுமையாகவே விமர்சித்தார்.

தனிக் கிணறு என்ற இந்த ஏற்பாட்டை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் கடைசியில் அது மேல்நிலைத் தொட்டியாக மாறி வரும்.

இனி வங்காளம். கோக் கிருமியைக் கண்டுபிடித்தாரே தவிர, அது எப்படிக் கொல்கிறது என்பது எழுபத்தைந்து ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, முயலின் குடலை வைத்துச் செய்த சோதனைகளில் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே நீரை வெளியேற்றுவதைக் காட்டினார். கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு, உயிரைக் குடிப்பது நீரிழப்பு. அப்படியானால் போன நீரைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றலாம், ஆனால் அதற்கு ஊசி வேண்டும், பாட்டில் வேண்டும், தெரிந்த கை வேண்டும். ஏழைகளுக்கு இவை எதுவும் கிடையாது.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து மக்கள் லட்சம் லட்சமாக எல்லை தாண்டி வந்தார்கள். போங்காவ் முகாம் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில், வாந்தியிலும் கழிச்சலிலும் கிடந்தார்கள். நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பெரிய கலன்களில் வைத்து, நோயாளியின் உறவினர்களே குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். குளுக்கோஸ் சேர்ந்தால் நோயுற்ற குடலும் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு நீரும் வரும். சூத்திரம் அவ்வளவுதான். நூறில் முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய கண்காணிப்பில் இருந்தவர்களில் இறந்தோர் 3.6 விழுக்காடாகக் குறைந்தனர். இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இது. அதை நிரூபித்துக் கொடுத்தவை அந்த அகதிகளின் உடல்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இத்தோடு முடித்து விடுவார்கள். எட்டே ஆண்டு கழித்து, அதே பிரிக்கப்படாத இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்றொரு தீவு. அங்கே 1978இல் வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் நாமசூத்திரர்கள், வங்கத்தின் தலித்துகள். இவர்கள் 1971இல் வந்தவர்கள் அல்லர். அதற்கு முன்பே எல்லை தாண்டி வந்து, மொழி தெரியாத தண்டகாரண்யக் காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள். முன்பே வந்த மேல்சாதி அகதிகளில் பலர் கல்கத்தாவின் ஓரங்களிலேயே காலனிகள் அமைத்துக்கொள்ள முடிந்தது, இவர்களால் முடியவில்லை. இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்தால் திரும்பி வரலாம் என்று நம்பி வந்தார்கள். குடிசை போட்டார்கள், குழாய்க் கிணறு இறக்கினார்கள், பள்ளிக்கூடமும் மருந்தகமும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரசு அதைக் காப்புக்காடு என்றது. 1979 ஜனவரியில் காவல்துறைப் படகுகள் தீவைச் சுற்றி வளைத்தன. அரிசி வரக்கூடாது, மருந்து வரக்கூடாது, தண்ணீர் வரக்கூடாது. கையில் கிடைத்த நீரைக் குடித்தவர்கள் கழிச்சலிலும், எதுவும் கிடைக்காதவர்கள் பசியிலும் செத்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். மே மாதம் மிச்சமிருந்தவர்களை விரட்டி, குடிசைகளைக் கொளுத்தினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

உப்பும் சர்க்கரையும் சுத்தமான நீரும் போதும் என்று உலகத்துக்கே காட்டிய மாவட்டம் அது. அந்த மூன்றும் தீவுக்குள் போகாமல் தடுத்தது ஒரு அரசு. காலரா ஏன் இன்னும் கொல்கிறது என்று யாராவது கேட்டால், கிருமி மட்டும் காரணமல்ல என்பதற்கு மரிச்ஜாப்பியைக் காட்டலாம்.

தண்ணீரைப் பார்த்தோம், மலத்தைப் பார்ப்போம். இது சுருக்கமாகவே, ஏனெனில் இதில் நம் தோழர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய நகரங்கள் காலராவுக்குப் பயந்து பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதித்தபோது, இங்கே நகராட்சிகள் உலர் கழிப்பறையை வைத்துக்கொண்டு அதை அள்ள ஒரு சாதியை வேலைக்கு வைத்தன. குழாய் செய்ய வேண்டிய வேலையை ஆள் செய்தார். வாளியும் கூடையும் தலையில் இருக்க, கிருமி அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனது. இன்றைக்கும் கிராமங்களில் கட்டிக் கொடுத்த கழிப்பறை பூட்டிக் கிடப்பது ஏன் என்று டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் ஆராய்ந்து 2017இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். குழி நிரம்பினால் யார் அள்ளுவது, அது 'அவர்கள்' வேலையல்லவா என்ற எண்ணமும் வீட்டுக்குள் மலம் தீட்டு என்ற எண்ணமும் முக்கியக் காரணங்கள் என்கிறார்கள். வெட்டவெளியில் கழித்த மலம் மழையோடு குளத்துக்குப் போகிறது. சாதி இந்துவின் குழந்தையும் பேதியில் விழுகிறது. தீண்டாமைக்கு அவர்கள் தம் பிள்ளைகளின் குடலாலும் விலை கொடுக்கிறார்கள், அப்படியும் விடுவதாக இல்லை.

ஒரு நாளைக் குறித்து வையுங்கள்: 2014 மார்ச் 27. அன்றுதான் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தது. மலம் வழியாகப் பரவும் ஒரு வைரஸை, சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோய், ஒரு குழந்தையையும் விடாமல் தேடித்தேடி ஒழித்த பெருமை நாட்டுக்குக் கிடைத்தது. அதே மார்ச் 27 அன்றுதான் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் பட்டியலை எடுங்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுங்கள் என்றது. கடைக்கோடிக் குழந்தையின் வாய்க்கு இரண்டு சொட்டு மருந்தைக் கொண்டு சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, சாக்கடைக்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு தெரியவில்லை.

இப்போது வேங்கைவயல். 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பெற்றோர் மேலே ஏறிப் பார்த்தார்கள். தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் பக்கத்தில் இரட்டைக் குவளையையும் பூட்டிய கோயிலையும் கண்டார். வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பாதிக்கப்பட்ட மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, அந்த ஊரின் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தொட்டியைக் கவனியுங்கள். அது தனித் தொட்டி. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. பொதுத் தொட்டியாக இருந்திருந்தால் அதில் மலத்தைப் போடுகிறவன் தன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். நூறாண்டுக்கு முன் தாகத்துக்காக வெட்டித் தந்த தனிக் கிணறு, ஒரு மக்கள் கூட்டத்தின் குடலை மட்டும் குறிபார்க்க வசதியான இடமாகிவிட்டது. தனித் தொட்டி கட்டித் தருகிறோம் என்று எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், ஊர்த் தொட்டியிலிருந்தே காலனிக்கும் குழாய் போடு என்று கேட்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போகிற மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். குடிநீரில் மலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனைக் குப்பி ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு சோதனை என்பார்கள், நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கியது. குப்பியில் நீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஊர்த் தொட்டியில் ஒரு குப்பி, காலனித் தொட்டியில் ஒரு குப்பி எடுங்கள். மேலே தேதியை எழுதுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய நாள், குளோரின் போட்ட நாள், வால்வைத் திறக்கிறவர் யார், காலனிக்குத் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபை கூடும் அன்று இரண்டு குப்பிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.